பிணியும் சுதந்திரமும்: ரூசோவின் மறுப்புக் குறித்து ஓர் அறவியல் நோக்கு

செயலொன்றின் அறப்பெறுமானத்தை அதன் விளைவைக் கொண்டன்றி, அதனை இயற்றத் தூண்டிய நோக்கத்தைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும் என்பது இம்மானுவேல் கான்ற் வகுத்த நெறியாகும். நோக்கம் ஒன்றாக உள்ளவிடத்து இந்நெறி இடர்ப்பாடு தருவதில்லை. ஆயின், உயரிய கொள்கையொன்றும் வெளியிற் சொல்லக் கூசும் உடலுபாதையொன்றும் ஒருவனை ஒரே திசையிற் செலுத்துமாயின், அவன் செயலை எதன் கணக்கில் எழுதுவது? கான்ற் தம் இல்லத்தில் தொங்கவிட்டிருந்த ஒரே படம் ரூசோவினுடையது. அந்த ரூசோவின் வாழ்விலேயே இவ்வினா கூர்மை பெற்று நிற்கின்றது.

1752ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள், ரூசோ இயற்றிய 'கிராமத்துக் குறிகாரன்' என்னும் இசைநாடகம் பொந்தென்புளோ அரண்மனையில் பதினைந்தாம் லூயி மன்னன் முன்னிலையில் அரங்கேறியது. மறுநாட் காலை பதினொரு மணிக்கு மன்னனைக் காண வருமாறு அவருக்குச் செய்தி வந்தது. ஆண்டுதோறும் மானியம் வழங்கப்படும் என்ற குறிப்பும் உடன் வந்தது. ரூசோ மன்னனைக் காணாமலே காலையிற் புறப்பட்டுச் சென்றுவிட்டார். குடியரசுச் சிந்தனையாளர் ஒருவரின் வீரமிகு மறுப்பாக இதனைப் போற்றுவோர் பலர்.

ஆயின், 'ஒப்புதல்கள்' எட்டாம் நூலில் அவர் தரும் விளக்கம் வேறொரு வரிசையில் அமைகின்றது. கலக்கத்திற் கழிந்த அவ்விரவில் அவருக்கு முதலில் எழுந்த நினைவு சலப்பை பற்றியதே. இளமை முதலே சிறுநீர்த் தடையினால் வருந்திய அவர், அடிக்கடி எழுந்து வெளியேற வேண்டிய நிலையிலிருந்தார். பிரபுக்கள் சூழ, மன்னன் கடந்து செல்வதற்காக மண்டபத்திற் காத்து நிற்கையில் அத்தேவை நேர்ந்தால் யாது செய்வது? இரண்டாவதாக நாத்தடுமாறும் தம் கூச்சத்தை எண்ணினார். மானியத்தை ஏற்றால் உண்மையும் சுதந்திரமும் துணிவும் பறிபோகும் என்ற கருத்து மூன்றாவதாகவே வருகின்றது. தம்மை அழகுபடுத்திக் காட்டத் தயங்காத ஓர் எழுத்தாளர், இவ்விடத்தில் அவ்வாறு செய்யாதது வியப்புக்குரியது.

சலப்பையே தீர்மானித்தது, கொள்கை பின்னர் பூசிய சாயம் என முடிவு கட்டுதல் எளிது. அதனை மறுக்கும் சான்று அடுத்து நிகழ்ந்ததிலேயே உண்டு. சில நாட்களின் பின் நண்பர் டிடரோ அவரைக் கடிந்து பேசினார். மன்னனைக் காணாது வந்ததை அவர் பொருட்படுத்தவில்லை; மானியத்தைப் புறக்கணித்ததையே குற்றமெனக் கண்டார். ரூசோ தம் பொருட்டு அதனைத் துறக்கலாம். அவரை நம்பி வாழும் தெரேசின் பொருட்டும் அவள் தாயின் பொருட்டும் துறக்கலாகாது. காலம் கடந்துவிடவில்லை, இனியேனும் கேட்டுப் பெறுக என்பது டிடரோவின் வாதம். விண்ணப்பித்துப் பெறுவதற்கு மண்டபத்தில் நிற்க வேண்டியதில்லை. அங்கே சலப்பைக்கு வேலையில்லை. அப்போதும் ரூசோ மறுத்தார். நாடகத்துக்கென மன்னன் வழங்கிய 100 லூயிப் பொன்னை உழைப்பின் ஊதியமாக ஏற்றவர், ஆண்டு மானியத்தை மட்டும் ஏற்கவில்லை. முதற் காரணம் நீங்கிய பின்னரும் செயல் நிலைத்து நின்றதெனின், அச்செயலின் வேர் வேறிடத்தில் உள்ளதெனக் கொள்வதே முறை.

இதனால் டிடரோவின் குற்றச்சாட்டுக்கு விடை கிடைத்துவிடவில்லை. ஒருவரின் சுதந்திரத்துக்கு உரிய விலையை வீட்டிலுள்ள இரு பெண்கள் செலுத்துவது நியாயமா? ரூசோவின் மறுப்பில் உள்ள உண்மையான குறை இதுவே எனலாம், பிணி குறையன்று.

பிணியுற்றவன் இவ்விடத்தில் ஓர் அநீதிக்கு உள்ளாகின்றான். அறவியலாளர் கற்பனை செய்யும் சுதந்திர மனிதன், அவை முடியும்வரை அசையாது அமர்ந்திருக்கவல்ல உடலை உடையவன். அவன் "வரமாட்டேன்" என்றால் அது கொள்கை. பிணியாளன் சொன்னால் அது சாக்கு. ரூசோ டாறான் என்னும் மருத்துவரின் மெல்லிய கோல்களைச் சிறுநீர்வழியிற் செலுத்தி எட்டுப் பத்து ஆண்டுகள் காலங்கழித்தார். அவற்றுக்கு ஏறத்தாழ 50 லூயி செலவாயிற்று என்கின்றார். பின்னர் கொம் என்னும் துறவி மருத்துவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சோதித்து, கல் இல்லை, புரொஸ்தேற்றுச் சுரப்பியே பருத்துள்ளது, மிகத் துன்புற்று நெடுநாள் வாழ்வீர் எனக் கூறினார். 1762இல் மோத்தியேயில் அவர் ஆர்மீனியரின் நீளங்கியை அணியத் தொடங்கியதற்கும் இவ்வுபாதையே காரணம். ஊரார் அதனைப் பகட்டென்றே கருதினர். இன்று அச்சுரப்பியை மருந்தாற் சுருக்கவும், சிறுநீர்வழியூடாகவே கருவி செலுத்திச் சுரண்டி எடுக்கவும் இயலும். ஆயினும் கூட்டங்களிற் கதவோரத்து இருக்கையைத் தேடும் முதியவர், காற்று வேண்டும் என்றே சொல்கின்றார்.

தம் பிணியின் மூலத்தை அறியும் பொருட்டு இறந்தபின் உடலைத் திறந்து பார்க்குமாறு 1763இல் ரூசோ விருப்பாவணம் எழுதினார். 1778 யூலை 2ஆம் நாள் அவர் மறைந்தார். மறுநாள் உடலைத் திறந்த மருத்துவர்கள், சிறுநீரகத்திலோ சலப்பையிலோ சிறுநீர்வழியிலோ கோளாறு எதனையும் காணவில்லை. சலப்பைக் கழுத்தின் இசிவோ, முன்னர் பருத்துப் பின் முதுமையிற் சுருங்கிய சுரப்பியோ காரணமாகலாம் என எழுதி வைத்தனர்.