மாதிரியும் மூட்டையும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மூட்டைகள் எங்கோ கிடங்கில் இருக்கும். வியாபாரியின் கைக்கு வருவது ஒரு பிடி மாதிரிச் சரக்குதான். அவர் அதன் பசுமையைப் பார்க்கிறார், பருமனைப் பார்க்கிறார், ஒரு காயை உடைத்து முகர்கிறார். பிறகு கணினித் திரையில் விலை ஏறுகிறது. காணாத மூட்டைகளுக்கு, கண்ட ஒரு பிடியை நம்பி விலை பேசப்படுகிறது. அந்தப் பிடி பொய்யானால் ஏலமே பொய்யாகிவிடும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் உறவில் ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தான். தகப்பனார் ஏலக்காய் தரம் பிரிக்கும் தொழிலில் இருப்பவர். மகனோ படத்தொகுப்புக் கற்றவன். நண்பர்களோடு சேர்ந்து மலைச்சரிவுகளில் சிறு படங்கள் எடுத்திருக்கிறான். 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் ஓடுகிறது. அதில் ஏறிச் சென்று ஒரு விளம்பரப்பட நிறுவனத்தில் வேலை கேட்கப் போவதாகச் சொன்னான். ஆனால் அவன் மனத்தில் ஒரு முள் இருந்தது.

“மாமா, என்னைப் பற்றி நானே உயர்வாக எழுதித் தரவேண்டும் என்கிறார்கள். தற்பெருமை கூடாதென்று சொல்லித்தானே எங்களை வளர்த்தீர்கள்? இதில் நான் எதைக் கேட்பது?” என்றான்.

சாதாரணமான கேள்வியன்று இது. நம் வீடுகளில் பிள்ளைகளைத் தலைகுனிந்து நிற்கப் பழக்குகிறோம். பெரியவர் முன் வாய் திறவாதே என்கிறோம். பின்னர் வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால், ‘பேசத் தெரியாதவன்’ என்று நாமே பழிக்கிறோம்.

தம்மைத் தாமே தூய்மையானவர்களெனப் பறைசாற்றிக் கொள்வதைத் திருமறை தடுக்கிறது. அதே திருமறைதான் நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றையும் கூறுகிறது. சிறையிலிருந்து விடுபட்டு எகிப்து மன்னர் முன் நின்றபோது, நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு அவர்களே கேட்டார்கள். தாம் பேணிக் காப்பவர், விவரம் அறிந்தவர் என்று இரண்டு தகுதிகளைச் சொன்னார்கள். தம் அழகைச் சொல்லவில்லை; குலத்தைச் சொல்லவில்லை; சிறையில் பட்ட துன்பத்தைக் காட்டி இரக்கம் தேடவுமில்லை. வரவிருந்த பஞ்சத்தில் தானியத்தைக் காக்க எவை தேவையோ, அவற்றை மட்டும் சொன்னார்கள்.

இங்கேதான் வேறுபாடு விளங்குகிறது. தற்பெருமை தன்னைப் பிறரோடு ஒப்பிடுகிறது. நேர்மையான தகுதியுரை தன்னை வேலையோடு ஒப்பிடுகிறது. ‘என்னைப் போல் எவருமில்லை’ என்பது முதலாவது. ‘இந்த வேலையில் இவ்வளவு எனக்குத் தெரியும், இதைச் செய்திருக்கிறேன்’ என்பது இரண்டாவது. இரண்டாவதை மறைப்பது அடக்கமாகாது. வேலை தருபவர் அறிய வேண்டியதை அறியவிடாமல் செய்வதே ஆகும்.

இவ்வளவும் கேட்டு மகிழ்ந்த பிள்ளை, தன் காட்சித் தொகுப்பைப் போட்டுக் காட்டினான். போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் மேகம் இறங்கும் ஒரு நிமிடக் காட்சி உள்ளத்தைக் கொள்ளை கொண்டது.

“இது முழுவதும் உன் வேலையா?” என்று கேட்டேன்.

“தொகுத்தது நான், மாமா. படம் பிடித்தவன் ஒருவன். வண்ணம் சீர்செய்தவன் இன்னொருவன்.”

“அவர்கள் பெயர் இதில் இல்லையே?”

“யாரும் போடுவதில்லை, மாமா.”

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் பட்ட வரலாறு நாம் அறிந்ததே. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுவோர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. குவியலை அடுக்கிய விதம் பொய் சொல்லியது. பிள்ளையின் காட்சித் தொகுப்பும் அவ்வாறே இருந்தது.

நல்லதைப் பொறுக்கிக் காட்டுவது குற்றமா என்று கேட்கலாம். இல்லை. 8 மில்லிமீட்டர்ச் சல்லடையில் நின்ற காய்களின் மூட்டையிலிருந்து எடுத்த மாதிரி பருமனாகத்தான் இருக்கும், அதில் வஞ்சகமில்லை. மாதிரி அந்த மூட்டையிலிருந்தே வந்ததா என்பதே கேள்வி. நாளை தனியே அமர்த்தினாலும் அதே வேலையை உன் கையால் செய்ய முடியுமானால் அது உன் மாதிரி. நண்பனின் கைவண்ணத்தையோ, செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தையோ உன்னுடையதாகக் காட்டினால் அது வேறு மூட்டையின் காய்.

‘எல்லோரும் மிகைப்படுத்தும்போது நான் மட்டும் உண்மை பேசினால் தோற்கமாட்டேனா?’ என்ற வாதமும் உண்டு. ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது சட்டத்துக்கும் விரோதம். ஆனால் அதன் தீங்கு அவர்களோடு நிற்பதில்லை. இயல்பாகவே பசுமையான காயையும் வாங்குபவர் ஐயத்தோடு பார்க்கத் தொடங்குகிறார். ஒருவன் ஏற்றிய சாயத்துக்கு ஊரே விலை கொடுக்கிறது.

இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா அவர்கள், 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் சேர்ந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் ஊராக இசைத்தார்கள். சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் உழைத்தார்கள். பஞ்சு அருணாசலம் வாய்ப்பளித்த ‘அன்னக்கிளி’ 1976இல் வெளிவந்தபோது முப்பதைக் கடந்திருந்தார்கள். அன்று படமுதலாளி கேட்டது சில மெட்டுகள்தாம். ஆயினும் அவற்றின் பின்னே பல்லாண்டு உழைப்பு மூட்டை மூட்டையாக இருந்தது. மூட்டை நிறைந்திருந்தால் மாதிரிக்குச் சாயம் தேவையில்லை.

பிள்ளை அன்றிரவே தன் தொகுப்பில் நண்பர் இருவரின் பெயரையும் சேர்த்தான். சென்னை சென்றான். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. இதை மறைத்து எழுதினால் நானும் ஈரத்தைக் குவியலுக்கு அடியில் வைத்தவனாவேன். திரும்பி வந்தவன் என்னிடம் வருத்தப்படவில்லை. “இனி வண்ணம் சீர்செய்யவும் நானே கற்கிறேன், மாமா” என்றான். அவன் தகப்பனார் அருகில் அமர்ந்து காய்களைத் தரம் பிரித்துக் கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் மகனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் குறை எதையும் நான் காணவில்லை.