பரிசில்லாத வேலை

ஒருவன் ஊக்கத்தோடு உழைக்கின்றான். முடிவில் பலன் கைக்கெட்டாமற் போகின்றது. அப்படியானால் அவனது உழைப்பு வீண்தானா? மனிதன் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இக்கேள்விக்கு, மாணவர் சிலரின் அனுபவம் நல்லதொரு விளக்கமாக அமைகின்றது.

அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரிலிருந்து தென்கரையிலுள்ள அடிலெய்ட் வரை ஏறக்குறைய 3000 கிலோமீற்றர். சூரிய ஒளியால் ஓடும் கார்களுக்கான உலகப் போட்டி 1987ஆம் ஆண்டு இப்பாதையிலேயே ஆரம்பமாயிற்று. பங்குபற்றுவோரிற் பெரும்பாலானோர் பல்கலைக்கழக மாணவர். வண்டியை வரைவதும், செய்வதும், ஓட்டுவதும் அவர்களே. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, வேகப் பிரிவு வண்டியொன்றில் 4 சதுர மீற்றர் சிலிக்கன் சூரியக் கலங்களே இருக்கலாம். நண்பகல் வெயிலிலும் அவற்றிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 1000 வாற்று. துணி அழுத்தும் மின்னழுத்தி ஒன்றுக்கே அது போதும். இதைக்கொண்டு மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட வேண்டுமாயின், காற்றின் தடையையும் வண்டியின் பாரத்தையும் இயன்றளவு குறைத்தல் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கின்றனர்.

இங்கேதான் மனச்சாட்சிக்குரிய கேள்வி எழுகின்றது. சாரதியைக் காக்கும் சட்டகம், இருக்கைப் பட்டி, ஆபத்து வேளையில் பிறர் உதவியின்றி விரைந்து வெளியேறும் வழி ஆகியன விதிப்படி இருத்தல் வேண்டும். இவை வேகத்தைக் கூட்டுவதில்லை, பாரத்தையே கூட்டுகின்றன. இவற்றுக்குப் பரிசும் இல்லை. விதிக்குப் பயந்து பெயரளவில் இவற்றைச் செய்து முடிக்கலாம். உள்ளே இருக்கப்போவது நம்மில் ஒருவரே என்ற உணர்வோடும் செய்யலாம்.

2019 ஒக்டோபரில் நடைபெற்ற போட்டியின் இறுதி நாளன்று, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவரின் வண்டி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அடிலெய்டுக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர் மாத்திரமே எஞ்சியிருந்த வேளையில் அதில் தீ மூண்டது. வண்டி எரிந்து போயிற்று. சாரதி காயமின்றி வெளியே வந்தார். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக மாணவர் முதலிடம் பெற்றனர். அவ்வெற்றியில் எவ்விதக் குறையுமில்லை. வண்டியைக் கடைசிவரை கொண்டு சேர்ப்பதும் போட்டியின் ஒரு பகுதியே.

தோற்றவரைப் பார்த்து, பலனை எதிர்பாராதே என்று ஆறுதல் கூறுவது எளிது. ஆனால் வெல்ல விரும்பாதவன் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்ப்பானா? பலனில் நாட்டங் கொள்வது தவறன்று. பலன் ஒன்றே உழைப்பின் அளவுகோல் என்று எண்ணுவதே தவறு. போட்டி முடிவுப் பட்டியலில் யார் முதலில் வந்தார் என்பது இருக்கும். எரியும் வண்டியிலிருந்து ஒருவர் உயிரோடு வெளியேறினார் என்பதற்கு அப்பட்டியலில் இடமில்லை. எனினும் அந்த நாளில் மிகப் பெரிய பயனைத் தந்தது அந்தப் பரிசில்லாத வேலையே.

அதே கைகள் செய்த வண்டியில்தான் தீயும் மூண்டது என்பதை நாம் மறக்கலாகாது. மனிதரின் வேலை அத்தகையது. அது எங்கே தவறும் என்பதை முன்கூட்டியே முழுதாக அறிய எவராலும் இயலாது. ஆதலாற்றான் தவறும் நாளுக்கான வேலையையும் முன்னரே செய்து வைக்க வேண்டியிருக்கின்றது.

நமது வாழ்விலும் இத்தகைய வேலைகள் பலவுண்டு. கொங்கிறீற்றுக்குள் மறைந்துபோகும் கம்பியை மேசன் ஒழுங்காகக் கட்டுகின்றார். மருந்தைக் கொடுக்குமுன் தாதி இன்னொரு தடவை சரிபார்க்கின்றார். புறப்படுமுன் பஸ் சாரதி பிறேக்கைப் பார்க்கின்றார். எல்லாம் நன்றாக நடக்கும் நாளில் இவற்றை எவரும் காண்பதில்லை, பாராட்டுவதுமில்லை. பிறருடைய உயிர் நம்முடைய உயிரைப் போன்றதே என்று மெய்யாக எண்ணுபவனே இவற்றைக் குறைவறச் செய்கின்றான். அவனது உழைப்பு, பலன் கண்ணுக்குத் தெரியாத நாளிலும் வீண் போவதில்லை.