மூடிய பெட்டி

கேரன் ஸான்ட்லர் மார்புக்குள் ஒரு இதயக் கருவியோடு வாழ்கிறவர். வக்கீல். அமெரிக்காவில் 2006ல் தொடங்கிய ஸாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்ஸர்வன்ஸி என்ற லாப நோக்கில்லாத அமைப்பில் வேலை. கருவியைப் பொருத்திக்கொள்ளுமுன் அதை இயக்கும் நிரலைக் காட்டும்படி கேட்டார், கம்பெனிகள் காட்டவில்லை. பிறகு, கர்ப்பமாயிருந்தபோது, வெறும் படபடப்பை ஆபத்தென்று கொண்டு அது அவருக்கு மின்னதிர்ச்சி கொடுத்தது.

காட்டியிருந்தால் மட்டும் நமக்குப் புரிந்திருக்குமா? நியாயமான கேள்விதான். ஆம்பூர்ப் பக்கத்து விவசாயிக்கும் குரோமியத்தின் ரசாயனம் தெரியாது. ஆனால் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துத் தெரிந்தவரிடம் கொடுக்க முடியும். தோல் பதனிடும் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ல், சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி போயிற்று: தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது. (பாலாறு அதனால் தெளிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். அது வேறு துக்கம்.)

மார்புக்குள் இருப்பதிலிருந்து பிடித்துக் கொடுக்க ஒரு பாட்டில் தண்ணீர்கூட இல்லை. இதை நம்பிக்கை என்று சொல்லிக்கொள்கிறோம். வேலூர் ஆஸ்பத்திரியில் கருவி பொருத்திக்கொண்டு, பாட்டரி எத்தனை வருஷம் வரும் என்று மட்டும் கேட்டுவிட்டு ஆம்பூர் பஸ் ஏறுகிறவர் கையெழுத்துப் போட்டது எதற்கு? சம்மதத்துக்கா, வேறு வழியில்லாததற்கா?