அங்கியும் ஆசனமும்

பாவத்தை மன்னிப்பதற்கென்றே பட்டம் பெற்ற ஒருவர், கலகக்காரர்கள்மீது பட்டாளத்தை ஏவலாமா? வால்ட்டர் லினியின் வாழ்க்கையைப் படித்த நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

பசிபிக் மகாசமுத்திரத்தில் நியூ ஹெப்ரைடிஸ் என்றொரு தீவுக் கூட்டம். 1906 முதல் பிரிட்டனும் பிரான்சும் அதைக் கூட்டாக ஆண்டன. இரண்டு போலீஸ், இரண்டு சிறைச்சாலை. மண்ணின் மக்களுக்கோ இரண்டில் ஒரு நாட்டின் குடியுரிமைகூடக் கிடையாது. அங்கே பெந்தெகொஸ்து தீவில் 1942இல் பிறந்து ஆங்கிலிக்கன் பாதிரியாரானவர் லினி. சொந்த மண்ணிலேயே அநாதைகளாக நின்றவர்களுக்கு மோட்சத்தை மட்டும் போதித்துக்கொண்டிருக்க அவர் மனம் ஒப்பவில்லை. அரசியலில் இறங்கினார். 1980 ஜூலை 30இல் வனுவாட்டு என்ற பெயரோடு நாடு விடுதலை பெற்றது. அவரே முதல் பிரதம மந்திரி. நிலமெல்லாம் பூர்வகுடிகளுக்கே சொந்தம் என்றது புதிய அரசியல் சட்டம்.

ஆனால் அதற்கு முன்பே சாந்தோ தீவில் ஜிம்மி ஸ்டீவன்ஸ் என்பவர் தனி நாடு கோரிக் கலகம் தொடங்கியிருந்தார். ஆண்ட வல்லரசுகள் அதை அடக்காமலே விடைபெற்றன. லினி பப்புவா நியூ கினியின் படையை வரவழைத்தார். கலகம் ஒடுங்கியது. ஸ்டீவன்ஸ் சிறை புகுந்தார். அவருடைய மகன் சுடப்பட்டு மாண்டான்.

அந்த ரத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட நான் தயாரில்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன்: எனக்கு இழைத்த தீங்கை நான் மன்னிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு இழைத்ததை மன்னிக்க எனக்கு என்ன உரிமை? ஊராரைக் காக்கப் பொறுப்பேற்றவன், தன் கருணைக்கு அவர்களை விலையாகக் கொடுக்க முடியாது. பட்டாளத்தை அழைத்ததால் அவருடைய அங்கி கறைபட்டதாக நான் கருதவில்லை.

என்னை வருத்துவது வேறு. 1987இல் கடும் நோய் தாக்கிய பிறகும் அவர் பதவியை விடவில்லை. 1991இல் சொந்தக் கட்சியே அவரைத் தலைமையிலிருந்து இறக்கியது. உடனே புதுக் கட்சி தொடங்கி, நெடுங்காலம் தாம் எதிர்த்த தரப்போடு சேர்ந்து ஆட்சிக்குத் துணை நின்றார். 1999இல் மறைந்தார்.

கடமை என்று சொல்லி ஏறிய ஆசனம், என்றைக்குச் சொந்த வீடாகிறது? ஏறியவனுக்கு அது தெரிவதில்லை. தியாகம் செய்தவனுக்கு இன்னும் தெரிவதில்லை. பட்ட பாடெல்லாம் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டதாக நினைக்கிறான். அதிகாரத்தை ஏந்துவதில் தேறிய அந்த நல்ல மனிதர், அதை இறக்கி வைப்பதில் தடுமாறினார். அங்கி அணியாத நம்மில் எத்தனை பேர், நம் வீட்டு அதிகாரத்தையாவது வேளை அறிந்து இறக்கி வைக்கிறோம்?