வேடு கட்டிய ஜாடி

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தூத்துக்குடியில் தாத்தாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அம்மாச்சி இரண்டு கிலோ பன்னீர் திராட்சை வாங்குவாள். கம்பத்துப் பழம்தானா என்று இரண்டு முறை கேட்பாள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ஒயின் இறந்தவர்கள் நாளில்தான் தொடங்கும்.

காம்பு கிள்ளி, கழுவி, துணியில் உலர்த்திய பழத்தைக் கையால் பிசைந்து ஊறுகாய் ஜாடியில் கொட்டுவாள். பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஈஸ்ட், ஆறிய வெந்நீர். வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு. தினமும் காலையில் மரக்கரண்டியால் கிளற வேண்டும். இல்லாவிட்டால் மேலே மிதக்கும் தோலில் பூசணம் பிடிக்கும். வேடு அவிழ்க்குமுன் கட்டைவிரலால் துணிமேல் ஒரு சிலுவை வரைவாள். இருபத்தொரு நாள் கழித்து வடிகட்டிப் புட்டியில் அடைப்பாள். கேக்கோடு சின்ன கிளாஸில் அரை கிளாஸ். அதற்கு மேல் கேட்டால் முறைப்பாள்.

பத்து வயதில் நான் பூசைக்கு உதவும் பையன். திராட்சை ரசமும் தண்ணீரும் உள்ள சின்னக் குப்பிகளைச் சாமியாரிடம் நீட்டுவது என் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் போனபின், குப்பியின் அடியில் நின்ற துளியை நக்கிப் பார்த்தேன். கிராம்பு இல்லை, இனிப்பும் போதவில்லை. ‘உன் ஒயினைப் பூசைக்குக் கொடுத்தால் என்ன?’ என்று அம்மாச்சியிடம் கேட்டேன். ‘போடா, இது வயித்துக்கு. அது ஆத்துமாவுக்கு’ என்றாள்.

அவள் சொன்னது சட்டப்படியும் சரி. திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி, பூசை ரசம் திராட்சையின் இயற்கையான ரசமாக, கெடாததாக இருக்க வேண்டும் என்கிறது. கோதுமைக்கும் கிராம்புக்கும் பீடத்தில் இடமில்லை.

அம்மாச்சி போனபின், 2014இல் புனித சவேரியாரின் உடலைப் பார்க்கக் கோவாவுக்குப் போனோம். 1542இல் எங்கள் கடற்கரைக்கு வந்தவர் என்பதால் சவேரியார் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. பழைய கோவாவில் வரிசையில் நின்று தரிசித்துவிட்டு, இரவு மாமா மலிவான போர்ட் ஒயின் ஒரு புட்டி வாங்கினார். எனக்கு இருமல் மருந்தாக இனித்தது. மாமாவோ ஒரு வாய் குடித்துவிட்டு, ‘அம்மா போட்டது மாதிரியே இருக்குடா’ என்று கண்ணைத் துடைத்தார். கிராம்பு வாசமே இல்லாத அந்தப் புட்டியில் அம்மாச்சி எப்படி வந்தாள்?

நினைவு பானத்தில் இருக்கிறதா, குடிப்பவனிடம் இருக்கிறதா? இதைத் தீர்த்துக்கொள்ளத்தான் போன நவம்பரில் நானே ஜாடியை இறக்கினேன். அளவு எதிலும் தப்பவில்லை. ஆனாலும் கிளறும்போது ருசி பார்த்தால் சுவை வேறு.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் பூசையில் அப்பமும் ரசமும் நற்கருணையாவதை விளக்கியது வேறு விதம்: நிறமும் சுவையும் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் பொருள் மாறுகிறது. 1551இல் திருச்சபையின் திரிதெந்து சங்கம் அந்தப் போதனையை உறுதிசெய்தது. என் ஜாடியில் எல்லாம் தலைகீழ். சுவை மாறிவிட்டது. மாறாமல் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, வேடு அவிழ்க்கப் போன என் கட்டைவிரல் துணிமேல் சிலுவை வரைந்து முடித்திருந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. அப்போதுதான் உறைத்தது: கடைசி இராவுணவில் இயேசு சீடர்களைத் தம்மை நினைத்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை, தம் நினைவாக ஒன்றைச் செய்யச் சொன்னார். அங்கே கிரேக்கத்தில் வரும் சொல் ‘அனம்நேசிஸ்’. முற்பிறப்பில் அறிந்ததை ஆன்மா மீட்டுக்கொள்வதற்குப் பிளேட்டோ வைத்த சொல்லும் அதுதான். பிளேட்டோவுக்கு அது அறிவின் வேலை. இராவுணவு மேசையில் அது கையின் வேலையாகிவிட்டது. இத்தனை வருடம் அம்மாச்சியை நான் நாக்கில் தேடிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று மாமாவுக்கு அரை கிளாஸ் ஊற்றினேன். கையில் வாங்கியவர், குடிக்குமுன் கிளாஸின் வாய்க்கு மேலே கட்டைவிரலால் ஒரு சிலுவை வரைந்தார். வரைந்தது அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

‘அம்மா போட்டது மாதிரி இல்லடா.’