வரிச்சுமை யார் தோளில்?

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "வரி கட்டுவது நாங்கள், இந்தக் கான்ட்ராக்ட் ஆட்கள் என்ன கட்டுகிறார்கள்?" இது நியாயமான பேச்சா?

299 ரூபாய்க்கு மொபைல் ரீசார்ஜ் செய்தால், அதில் 18 சதவீத ஜிஎஸ்டியாக ஏறக்குறைய 46 ரூபாய் போகிறது. சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி மாதம் 15,000 ரூபாய் வாங்கும் தொழிலாளிக்கும் 46 ரூபாய்தான். ஒன்றரை லட்சம் வாங்கும் மேலாளருக்கும் அதே 46 ரூபாய்தான். வருமானத்தோடு ஒப்பிட்டால் தொழிலாளியின் சுமை பத்து மடங்கு. மேலாளர் வருமான வரியும் கட்டுகிறார், உண்மைதான். ஆனால் ஏழை எதுவும் கட்டவில்லை என்பது பொய்.

2019-ல் மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரி 22 சதவீதமாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. முதலீடும் வேலையும் வரும் என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் ஒரு தோளில் இறக்கிய சுமை எந்தத் தோளில் ஏறுகிறது என்று கேட்பதும் கடமை.

சகோதரர்களே! மார்க்கம் கற்றுத்தரும் அளவைப் பாருங்கள். புதையலில் ஐந்தில் ஒன்று. மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று. நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. வியாபாரப் பொருளில் நாற்பதில் ஒன்று. உழைப்பும் சிரமமும் கூடக் கூட, கொடுக்க வேண்டிய பங்கு குறைகிறது. நிஸாப் அளவு செல்வம் இல்லாதவர் மீது ஜகாத்தே இல்லை. எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்பதற்கு முன், தேவை போக உன்னிடம் என்ன மிஞ்சுகிறது என்று கேட்கும் சட்டம் இது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஜிஸ்யா வரி கட்ட வழியின்றி யாசகம் கேட்ட முதிய யூதர் ஒருவரைக் கண்டார்கள். இளமையில் அவரிடம் வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்று வரியை நீக்கி, பைத்துல் மாலிலிருந்து உதவியும் கொடுத்ததாக வரலாறு கூறுகிறது.

நாம் செய்ய வேண்டியவை என்ன?

ஏழையை வரி கட்டாதவன் என்று இழிவாகப் பேசாதீர்கள்.

வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜிஎஸ்டியும், தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணமும் உங்கள் லாபம் அல்ல, அமானிதம். உரிய இடத்தில் செலுத்திவிடுங்கள்.

அரசுக்குக் கட்டிய வரியை ஜகாத் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டும் வேறு வேறு கடமைகள்.

பலவீனர் தோளில் சுமையைத் தள்ளாதவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.