உடலைப் பார்க்கும் கண்

உடல் அழியக்கூடியது, அதன் அழகையும் குறையையும் பெரிதாக எண்ண வேண்டாம் என்பது தமிழ்ச் சமய மரபு திரும்பத் திரும்பச் சொல்லிவந்த அறிவுரை. நிறத்துக்காகவோ பருமனுக்காகவோ எடுப்பான பல்லுக்காகவோ பள்ளியில் கேலிக்கு ஆளான பிள்ளை வீட்டுக்கு வந்து அழும்போது பெரியவர்கள் சொல்லும் ஆறுதலும் ஏறக்குறைய இதுதான்: அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. கேலிக்கு ஆளானவர் மனத்தை மாற்றிக்கொள்வது முறையா, கேலி செய்தவர் பார்வையை மாற்றிக்கொள்வது முறையா என்பது இங்கே எழும் அறவியல் கேள்வி. பள்ளிப் பாதுகாப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் மதில் சுவர், கேமரா, வாயிற்காவலர் என்பதோடு நின்றுவிடுவதால் இந்தக் கேள்வி அதிகம் எழுப்பப்படுவதில்லை.

மரபில் இதற்கு ஒரே விடை இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில், உவவனத்துப் பளிக்கறையில் மறைந்திருக்கும் மணிமேகலையைத் தேடி இளவரசன் உதயகுமரன் வருகிறான். உடம்பு வினையால் வந்தது, மூப்புக்கும் பிணிக்கும் இருப்பிடமானது என்று அவளுடைய தோழி சுதமதி அவனிடம் எடுத்துரைக்கிறாள். உபதேசம் இங்கே பார்க்கிறவனுக்குச் சொல்லப்படுகிறது, பார்க்கப்படுகிறவளுக்கு அல்ல. பின்னாளில் பட்டினத்தார் பாடல்களில் அதே கருத்து திசை மாறியது. ஆணின் ஆசையைக் கண்டிக்கப் புறப்பட்ட சொல், பெண்ணின் உடலை அங்கம் அங்கமாக அருவருப்பதில் போய் முடிந்தது. திருமூலர் வேறு வழியில் சென்றார். உடம்பை முன்பு இழுக்கென்று நினைத்ததையும், உள்ளே உறையும் பொருளைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் அவரே சொல்கிறார்.

காரைக்கால் அம்மையார் தம் அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் கேட்டுப் பெற்றதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். கணவன் தம்மைத் தெய்வமென்று வணங்கி விலகிய பின், அவனுக்காகத் தாங்கிய உடல் இனி வேண்டாமென்று தாமே எடுத்த முடிவு அது. அதே நூலில் நந்தனாரின் கதை வேறு மாதிரி. ஆதனூரில் புலைக் குலத்தில் பிறந்த அவர், தில்லைக்குள் நுழையுமுன் தீயில் மூழ்கி வேறு உடம்போடு எழ வேண்டியிருந்தது. அவரைத் தடுத்த கண்கள் அப்படியே இருக்க, பார்க்கப்பட்ட உடல் மாற்றப்பட்டது. பக்தியின் உச்சமாக இக்கதை போற்றப்படுகிறது. ஆயினும் உடல் பற்றிய அறத்தை ஆராய்பவருக்கு இது மரபின் ஆறாத காயமாகவே தெரியும்.

திருக்குறளின் 667ஆம் குறள் நேராகப் பார்ப்பவரிடமே பேசுகிறது. உருவத்தைக் கண்டு எள்ளக் கூடாது என்று விதிக்கும் வள்ளுவர், பெரிய தேரைத் தாங்கும் அச்சாணியின் சிறுமையைக் காரணமாகக் காட்டுகிறார். குறள் அமைந்திருப்பது வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில். ஆகவே எள்ளாமைக்குச் சொல்லப்படும் நியாயம் அந்த ஆளின் செயல்வன்மை. அச்சாணியாக இல்லாத, எந்தத் திறமையையும் இன்னும் காட்டியிராத பிள்ளைக்கும் அந்த மரியாதை உண்டு என்று வாதாட, குறளின் விதியை அதன் காரணத்துக்கு அப்பாலும் நீட்டியாக வேண்டும்.

உளவியல் இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. ஒருவர் தம் உடலைப் பற்றி மனத்தில் வைத்திருக்கும் சித்திரம் கண்ணாடியில் தெரியும் உருவத்தின் நகல் அன்று. பிறருடைய பார்வையும் சொல்லும் சேர்ந்து வரைந்தது. வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் பால் ஷில்டர் 1935இல் வெளியான நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது.

1997இல் பார்பரா பிரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும், பெண்கள் நாளடைவில் தங்களையே வெளியாளின் கண்ணால் பார்க்கப் பழகிவிடுகிறார்கள் என்ற கோட்பாட்டை முன்வைத்தனர். மறு ஆண்டு வெளியான சோதனையில் கல்லூரி மாணவர்கள் தனியறையில் நீச்சல் உடையோ கம்பளிச் சட்டையோ அணிந்து கணக்குப் போட்டார்கள். நீச்சல் உடையில் இருந்த பெண்கள் மற்றப் பெண்களைவிடக் குறைவான மதிப்பெண் பெற்றனர். ஆண்களிடம் அந்த வேறுபாடு இல்லை. அறையில் அவர்களைப் பார்க்க யாருமே இல்லை என்பதுதான் முக்கியம். பார்க்கும் கண் உள்ளே குடியேறிவிட்ட பிறகு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்ற அறிவுரைக்கு வேலை இல்லை. கேலிக்கு ஆளான பிள்ளைக்குப் பாடம் ஏறாமல் போவதற்கும் இதுவே காரணமாகலாம்.

மாற வேண்டியது பார்க்கப்படும் உடலா, பார்க்கும் கண்ணா என்ற கேள்விக்குத் தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டாரத்தில் தனிக் கனம் உண்டு. ஊருக்கு அருகிலுள்ள தீர்த்தமலையில் உயரத்துப் பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தின் கீழ், ஒல்லியும் பருமனும் கிழடும் இளசும் ஈரத் துணியோடு நெருக்கியடித்து நிற்பார்கள். உடல் அங்கே வழிபாட்டின் கருவி. யாரும் யாரையும் அளப்பதில்லை. அதே வட்டாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவலர்களும் வருவாய்த்துறையினரும் இந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தனர். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர். அவர்களில் சிறுமியும் உண்டு. பிறகு பெண்களை அரூர் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் அவமானப்படுத்தினார்கள். வெட்கப்பட்டு வாய் மூடிக்கொள்வார்கள் என்ற கணக்கு அதிகாரத்திடம் இருந்தது. அது பலிக்கவில்லை, அந்தப் பெண்கள் சாட்சிக் கூண்டேறினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தம் உடலுக்கு இழைக்கப்பட்டதற்குத் தாம் வெட்கப்படத் தேவையில்லை என்பதை எந்தத் தத்துவ நூலையும்விடத் தெளிவாக நிறுவியவர்கள் அவர்கள்.

சித்தேரி மலையிலிருந்தும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலிருந்தும் மலையாளி, லம்பாடிப் பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். வாய் திறந்து பெயரைச் சொல்வதற்கு முன்பே நிறமும் உடையும் அவர்கள் யாரென்று சொல்லிவிடும் நிலை, எந்தப் பள்ளியிலும் ஆபத்தின் தொடக்கம். அது எங்கே போய் முடியும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரி காட்டியது. பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. திருநீறும் நாமமும் இறைவனுக்கும் அடியாருக்கும் இடையிலான அடையாளம், அதைத் தொடலாமா என்று எழுந்த எதிர்ப்பில் நேர்மையான சமயக் கவலையும் இருந்தது. ஆனால் ஒரு குறி இறைவனை நோக்கி இடப்பட்டதா, பக்கத்து பெஞ்சை நோக்கி இடப்பட்டதா என்பதை அதை இட்டவரின் நோக்கம் மட்டும் முடிவு செய்துவிடாது. அதைக் கண்டு ஒதுங்கும் பிள்ளையின் அச்சத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தகைய அச்சத்தையும் கேலியையும் தடுக்கச் சட்டத்தில் ஓரளவு இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பெயர் சொல்லாமல் புகார் எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைக்கப்பட்டது. எனினும் கருவாயன், குண்டு, சோடாபுட்டி என்ற பட்டப்பெயர்களை ஆசிரியரே சிரித்துக்கொண்டு சொல்லும் வகுப்பில் யாரும் அந்தப் பெட்டியைத் தேடிப் போவதில்லை. பிரச்சினை சின்னச் சின்ன நடைமுறைகளில் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் எடை பார்க்கும் நாளில் பிள்ளைகள் வரிசையாக எந்திரத்தின் மேல் ஏறுகிறார்கள். ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் பதிவேட்டில் எழுதுகிறார். அந்த எண் அன்று மாலைக்குள் பட்டப்பெயராகிவிடுகிறது. உரக்கப் படிக்காமல் பார்த்து எழுதிக்கொண்டாலும் பதிவேடு நிரம்பத்தான் போகிறது.